கரண்ட் இல்லாத தெருவில் ஒரு வைஃபை

மங்கலத்தைத் தாண்டிச் சாமளாபுரம் போகிற ரோட்டில் நடந்துகொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். தோளில் ஒரு பை, அதற்குள் இரண்டு சட்டை, ஒரு லுங்கி, ஒரு டெஸ்டர், கூட வேலை பார்த்த செல்வி கட்டிக்கொடுத்த புளிச்சோறு. மூன்று பஸ் என்னைத் தாண்டிப் போயிற்று. கையில் காசு இருந்தது, ஆனாலும் ஏறவில்லை. ஒருவரைத் தேடிப் போய்க்கொண்டிருந்தேன், அவரைப் பார்த்ததும் முதல் வார்த்தை என்ன சொல்வது என்று தெரியவில்லை, நடந்தால் அதற்குள் கிடைத்துவிடும் என்று ஒரு நினைப்பு.

இதைச் சொன்னால் நீங்கள் சிரிக்கலாம், சிரித்தாலும் பரவாயில்லை. பேய், ஆவி என்றெல்லாம் நம்புகிற ஆள் இல்லை நான். எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு விளாத்திகுளம் பக்கத்திலிருந்து கிளம்பியவன். மழைக்கு ஒதுங்க வேறு இடம் கிடைக்காமல் சுடுகாட்டுக் கொட்டகையில் படுத்துத் தூங்கியிருக்கிறேன், நன்றாகவே தூக்கம் வந்தது. உடுமலைப்பேட்டைப் பக்கம் தென்னந்தோப்பில் ஆறு மாதம் தனியாகக் காவல் இருந்தேன், காற்றாலை சுற்றுகிற சத்தத்தைத் தவிர வேறு துணை கிடையாது. அங்கெல்லாம் ஒன்றும் நடக்கவில்லை. நடந்தது திருப்பூரில், ஒரு பனியன் கம்பெனி மாடியில், பட்டப்பகலில், பதினொன்றே முக்கால் மணிக்கு.

போன வருடம் திருப்பூருக்கு வந்தபோது வைஃபை மாட்டுகிற அந்தோணி அண்ணனிடம் ஏணி பிடிக்கிற வேலைக்குச் சேர்ந்தேன். நாலு மாதத்தில் ஒயர் இழுக்கவும் ரவுட்டர் பெட்டி மாட்டவும் பழகிக்கொண்டேன். மங்கலம் ரோட்டுச் சந்தில் ஒரு மூன்று தளக் கட்டடம். கீழே பிரிண்டிங், நடுவில் தங்கவேல் அண்ணன் என்பவருடைய தையல் கம்பெனி, மேலே குழந்தை உடுப்பு தைக்கிற இன்னொரு கம்பெனி. நடுத் தளத்துக்குப் பெட்டி மாட்ட அண்ணன் என்னைத் தனியாக அனுப்பினார். வேலையைப் பார்த்துத் தங்கவேல் அண்ணனுக்குப் பிடித்துப்போனது. "இங்கியே இருந்துக்க தம்பி, கரண்டு, கம்ப்யூட்டரு எல்லாம் நீயே பாத்துக்க" என்றார். இருந்துவிட்டேன். ஓரிடத்தில் அவ்வளவு நாள் நான் தங்கியது அதுதான் முதல் தடவை.

அங்கே வேலை இப்படி. வெட்டிய துணியைப் பத்துப் பத்தாகக் கட்டி ஒரு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள், அதற்குப் பண்டல் என்று பேர், ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். பண்டலைத் தூக்கிக்கொண்டு தையல் லைனுக்குப் போகிறவர் அங்கே இருக்கும் டேப்லெட்டில் தன் ஆள் எண்ணைப் போட்டு ஸ்டிக்கரைக் காட்ட வேண்டும். 'பீப்' என்று சத்தம் வரும். வைஃபை வழியாக அது ஆபீஸ் கம்ப்யூட்டருக்குப் போய்ச் சேரும். சேர்ந்துவிட்டால் ஒரு பச்சை டிக் விழும், விழாவிட்டால் மறுபடி காட்ட வேண்டும்.

பண்டல் தூக்குகிற வேலையில் மாரியப்பன் என்று ஒரு பெரியவர் இருந்தார். எங்கள் பக்கத்து ஆள், கோவில்பட்டிக்காரர், அறுபது வயதிருக்கும். ஆள் எண் பதினாலு. கண் மங்கல், பச்சை டிக்கெல்லாம் தெரியாது, சத்தத்தை வைத்துத்தான் வேலை. ஒரு மாதத்தில் அவர் கையில் வந்த பண்டல்களில் இருபத்து மூன்று லைனுக்கு வந்து சேரவில்லை என்று கம்ப்யூட்டர் காட்டியது. துணி தைத்துப் பெட்டியில் ஏறி அனுப்பியும் ஆயிற்று, எந்தத் துணி எந்தப் பண்டல் என்று இனிமேல் பிரித்துப் பார்க்க முடியாது. தங்கவேல் அண்ணன் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சிஸ்டம் பொய் சொல்லாதுண்ணே" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

பெரியவர் சண்டை போடவில்லை. என்னிடம் வந்து, "சத்தம் கேட்டுச்சு தம்பி. ஒவ்வொண்ணுக்கும் கேட்டுச்சு. எந்த நம்பருன்னு இப்பவும் ஒப்பிக்கேன், கேக்கியா?" என்றார். நான் ஏணி மேல் நின்றுகொண்டிருந்தேன், இறங்கவில்லை. "சத்தத்த வச்சு என்ன செய்ய பெரியவரே" என்றேன். அன்றைக்கே அவரைக் கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்கள். சாமளாபுரத்தில் ஏதோ விசைத்தறி ஓடுகிற குடோனில் இருப்பதாக யாரோ சொன்னார்கள்.

அவர் இடத்துக்குச் செல்வி வந்தாள். அவளும் தெற்கத்திப் பெண்தான், கம்பெனி ஹாஸ்டலில் தங்கியிருந்தாள். ஏழெட்டு மாதம் போனது. ஒரு வியாழக்கிழமை அவள் கையில் ஒரு பண்டல் காணாமல் போனது, எண் 4417. முதல் நாள்தான் வெட்டி ஸ்டிக்கர் அடித்தது. இந்தத் தடவை துணியே இல்லை, எங்கே தேடியும் கிடைக்கவில்லை. திங்கட்கிழமைக்குள் வரவில்லை என்றால் வேலை கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். வேலை போனால் ஹாஸ்டலும் போகும். அது கூடப் பெரிதில்லை. பண்டல் எடுத்தவள் என்ற பேர் வந்துவிட்டால் அந்தச் சந்தில் எந்தக் கம்பெனியும் வாசலில் ஏற்றாது.

அவள் என்னிடம் வந்து, "அண்ணே, டிக்கப் பாக்கல, ஆனா நா டேப்லெட்டுல காட்டுனேன், சத்தம் கேட்டுச்சு" என்றாள். அதே வார்த்தை. அந்தோணி அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"பொட்டி எந்தச் சேனல்ல இருக்கு?"

"மூணுண்ணே. கீழ ஒண்ணு, மேல ஆறு, நடுவுல மூணு காலியாக் கிடந்துச்சு, அதான் வச்சேன்."

அவர், "அடப்பாவி, காலி எடம்னு நடு ரோட்டுல பாயப் போட்டியாடா" என்றார்.

அவர் சொல்லித்தான் புரிந்தது. வைஃபை போகிற காற்றில் பதின்மூன்று தடம் இருக்கிறது, அதைத்தான் சேனல் என்கிறார்கள். ஆனால் ஒரு பெட்டி தன் தடத்தோடு நிற்காது, இரண்டு பக்கமும் இரண்டு தடத்தை மிதித்துக்கொண்டுதான் நிற்கும். ஒன்றையொன்று மிதிக்காமல் இருக்க வேண்டுமானால் ஒன்று, ஆறு, பதினொன்று, இந்த மூன்றில்தான் நிற்க வேண்டும். ஒரே தடத்தில் இரண்டு பெட்டி நின்றால் கூடக் கெடுதி குறைவு, ஒன்று பேசும்போது மற்றது காதில் வாங்கிக்கொண்டு காத்திருக்கும். நடுவில் போய் நின்றால் யாருக்கும் யார் பேச்சும் புரியாது, வெறும் இரைச்சலாகத்தான் கேட்கும், யாரும் காத்திருக்கவும் மாட்டார்கள். டேப்லெட் 'பீப்' அடித்து அனுப்பியது எல்லாம் அந்த இரைச்சலில் போயிருக்கிறது. காலியாக இருக்கிறதே என்று நான் ஒரு பொத்தானை அழுத்தினேன், அதற்கு ஒரு பெரியவர் திருடர் ஆனார்.

இதில் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. மின் சாமான் அக்னி மூலையில்தான் இருக்க வேண்டும் என்பது இங்கே எழுதாத சட்டம். மூன்று கம்பெனியும் வாஸ்து பார்த்துத் தென்கிழக்கு மூலையில்தான் பெட்டி வைத்திருந்தார்கள். தளம் தளமாக ஒன்றன் தலைமேல் ஒன்று, நடுவில் ஒரு கான்கிரீட்தான். நெட்டு நின்று நின்று போகிறது என்று கீழே நாலு ஆன்டெனாக் கொம்பு வைத்த பெட்டி வாங்கினார்கள், அதைப் பார்த்து நாங்கள் ஆறு கொம்பு, அதைக் கேள்விப்பட்டு மேலே எட்டுக் கொம்பு. எல்லாம் முழு பவரில். ஒருத்தன் கத்தினால் அடுத்தவன் அதைவிடக் கத்துவான் இல்லையா, அப்படித்தான்.

மூன்று முதலாளிகளையும் பார்த்து, பெட்டிகளைத் தள்ளித் தள்ளி வைத்து, பவரைக் குறைத்து, ஆளுக்கொரு சேனலில் ஓட்டலாம் என்று பேசினேன். கீழே சரி என்றார்கள். மேல் தளத்துக்காரர் மட்டும், "பொட்டியோட பவரக் கொறைக்கறதாவுது! காசு குடுத்து எட்டுக் கொம்பு வாங்கிப்போட்டு ரண்டு கொம்பு வேல செய்யறதுக்கா?" என்று குதித்தார். தங்கவேல் அண்ணன்தான் அவரிடம் பேசினார். "ஏனுங்க மாப்ள, வாய்க்கால்ல தண்ணி உடறப்ப மொறை வெச்சுத்தானுங்க பாய்ச்சுனோம். எல்லாரும் ஒரே நேரத்துல மடையத் தொறந்தா ஆருக்குப் பாயும்? அதேதானுங்க இது." மேல் தளத்துக்காரர் அப்புறமும் விடவில்லை. "பொட்டிய அக்னி மூலைய உட்டு எடுக்கக் கூடாதுங்க, அது மட்டும் ஆவாது." யோசித்து ஒரு வழி சொன்னேன். ஒவ்வொரு பெட்டியையும் ஒவ்வொரு மூலைக்குக் கொண்டுபோவோம், ஆனால் பிளக் அக்னி மூலையிலேயே இருக்கட்டும், நீள ஒயர் இழுத்துக்கொள்ளலாம். கரண்ட் அங்கிருந்துதானே வருகிறது என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அது சேரீங்க!"

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் பகுதிக்கு மாதாந்திர மின்தடை, காலை ஒன்பதிலிருந்து நாலு மணி வரை. எந்தக் கம்பெனிக்கும் வேலை நாள் இல்லை, ஜெனரேட்டரும் ஓடாது. அதைத்தான் நான் எதிர்பார்த்தேன். எல்லாப் பெட்டியும் அணைந்திருக்கும்போது காற்றில் வேறு என்ன மிச்சம் இருக்கிறது என்று பார்த்துவிட்டு, கரண்ட் வந்ததும் ஒவ்வொன்றாக எழுப்பி ஒன்று, ஆறு, பதினொன்று என்று உட்கார வைக்கலாம். யாராவது பேட்டரி போட்டு வைத்திருந்தால் என்ன செய்வது என்று மூன்று தளத்திலும் நானே ஏறி இறங்கி, பெட்டிகளின் அடாப்டரைக் கழற்றி என் பையில் போட்டுக்கொண்டேன். இதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். மூன்று அடாப்டரும் என் பையில்தான் இருந்தது.

டேப்லெட்டைப் பிடித்துக்கொண்டு சோதனைக்கு உதவ செல்வி வந்திருந்தாள். தையல் ஹாலில் நாங்கள் இரண்டு பேர்தான். நாற்பது மெஷினும் துணி போர்த்திக் கிடந்தது. பேன் ஓடாமல் அந்த ஹாலை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் பஞ்சு மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது.

என் போனில் ஒரு ஆப் இருக்கிறது, சுற்றி இருக்கிற வைஃபையை எல்லாம் மலை மலையாக வரைந்து காட்டும். மற்ற நாளில் திறந்தால் லைன் வீடு, மளிகைக் கடை, கம்பெனி என்று மலைமேல் மலையாக ஏறிக் கிடக்கும், எது எதுவென்று தெரியாது. அன்றைக்குத் திறந்தேன். தரை மட்டம். ஒரே ஒரு மலை மட்டும் நின்றது. மூன்றாம் சேனலில். பூட்டு கிடையாது. பேர் இருக்க வேண்டிய இடத்தில் 14 என்று இருந்தது.

"யாராச்சும் போன்ல நெட்டத் திறந்து வச்சிருப்பாவண்ணே" என்றாள் செல்வி.

நானும் அப்படித்தான் நினைத்தேன். தேடிவிடலாம், பக்கத்தில் போனால் மலை உயரும், தள்ளிப் போனால் தணியும், இது சின்னப் பிள்ளைக்குக் கூடத் தெரியும். மொட்டை மாடிக்குப் போனேன். உயரம் மாறவில்லை. கீழே இறங்கித் தெருமுனை டீக்கடை வரைக்கும் நடந்தேன். ஒரு துளி மாறவில்லை. டீக்கடைக்காரர், "கரண்ட் வந்துருச்சாங் தம்பி, போனையே பாத்துட்டு நடக்கறீங்?" என்று கேட்டார்.

திரும்பி ஹாலுக்குள் வந்தபோது 'பீப்' என்று கேட்டது.

"என்னத்தையும் ஸ்கேன் பண்ணுனியா?"

"இல்லண்ணே. மேசையிலதான வச்சிருக்கேன்."

டேப்லெட் மேசைமேல் கிடந்தது. ஆள் எண் பதினாலு என்று இருந்தது, அதன் கீழே ஒரு பண்டல் எண், பக்கத்தில் பச்சை டிக். மறுபடியும் 'பீப்'. இன்னொரு எண், இன்னொரு டிக். சேர்ந்தாற்போல் வரவில்லை. ஒரு பண்டலை வைத்துவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து, நடந்து போய் அடுத்ததைத் தூக்கி வருவதற்கு ஒரு வயதானவருக்கு எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் விட்டு விட்டு வந்தது. நான் எண்ணினேன். என்னை அறியாமலேதான் எண்ணினேன். இருபத்து மூன்று.

செல்வி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணே, யாருண்ணே இது பதினாலு?"

நான் பதில் சொல்வதற்குள் கடைசியாக ஒரு 'பீப்' வந்தது. 4417. வந்து சேர்ந்த இடம், ரிஜெக்ட் ரூம்.

கழித்த துணியைச் சாக்கில் கட்டிப் போடுகிற அறை அது. அங்கே யாரும் தேடியிருக்கவில்லை, நல்ல பண்டலுக்கு அங்கே என்ன வேலை? நாங்கள் ஓடினோம். மூன்றாவது சாக்கை அவிழ்த்ததும் இருந்தது. கட்டுப் பிரிக்காமல், ஸ்டிக்கர் கசங்காமல். கழிவைக் கூட்டி அள்ளியவர்கள் சேர்த்து அள்ளியிருக்க வேண்டும். செல்வி அதை மடியில் வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்து அழுதாள். நான் போனைப் பார்த்தேன். மலை இல்லை. தரை மட்டம்.

நாலு மணிக்குக் கரண்ட் வந்தது. பெட்டிகளை இடம் மாற்றி, கீழே ஒன்று, எங்களுக்குப் பதினொன்று, மேலே ஆறு என்று வைத்து, பவரைப் பாதிக்கும் கீழே குறைத்தேன். செல்வி ஹாலின் கடைசி மூலை வரைக்கும் போய் ஸ்கேன் பண்ணிப் பார்த்தாள், ஒன்று கூடத் தவறவில்லை. அத்தனை மாதம் அத்தனை பேர் கத்திக் கிடந்தது, கொஞ்சம் குரலை இறக்கி இடம் விட்டு உட்கார்ந்ததும் சரியாகப் போயிற்று. இவ்வளவுதானா என்று இருந்தது எனக்கு.

தங்கவேல் அண்ணன் வந்து கம்ப்யூட்டரைத் திறந்தார். இருபத்து நாலு பதிவும் இருந்தது. நேரம் பகல் பதினொன்றே முக்காலில் தொடங்கியது. அந்த நேரத்தில் அந்தக் கம்ப்யூட்டர் உட்பட எல்லாமே செத்துக் கிடந்தது. டேப்லெட் பழசைச் சேர்த்து வைத்திருந்து அனுப்பியிருக்குமோ என்று சாப்ட்வேர்காரரிடம் கேட்டார். அது சேர்த்தெல்லாம் வைக்காது என்றார் அவர். சேர்த்து வைத்தாலும், பெரியவர் இருந்தபோது இருந்த டேப்லெட் உடைந்து, இது புதிதாக வாங்கியது.

"மூணாம் சேனல் வச்சது நான்தாண்ணே. தப்பு என்னுது" என்றேன்.

அவர் திரையில் இருந்த பதினாலு என்ற எண்ணை விரலால் தொட்டார். "நீ சொன்னத நம்பி நாந்தான அனுப்புனேன் கண்ணு" என்றார். பிறகு செல்வியிடம் திரும்பி, "தப்பா நெனச்சுக்காத சாமி, நாளைக்கு வேலைக்கு வந்துரு" என்றார். அவள் தலையாட்டினாள். பதினாலு யார் என்று அதற்குள் அவளிடம் சொல்லியிருந்தேன். "பெரியவரத் தேடிப் போய்ச் சொல்லுங்கண்ணே மொதல்ல" என்று என்னிடம் சொன்னாள். அதற்குத்தான் கிளம்பினேன். திரையில் இருந்த இருபத்து நாலு எண்ணையும் போனில் படம் எடுத்துக்கொண்டேன், அவரிடம் காட்ட. பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தபோதே தெரிந்துவிட்டது, திரும்பி வர மாட்டேன் என்று.

சாமளாபுரம் சேரும்போது இருட்டிவிட்டது. பஸ் ஸ்டாப்பில் படுத்துக்கொண்டேன். காலையில் மூன்று குடோன் விசாரித்து நாலாவதில் ஆள் அகப்பட்டார், ஆள் என்றால் பெரியவர் இல்லை, குடோன் முதலாளி.

"மாரியப்பனுங்களா? ரண்டு மாசம் ஆச்சே அவரு போயி. ஊருக்குப் போறேன்னு போனாரு. போன் போட்டா எடுக்கறதில்லைங்க. ஏனுங்க, சொந்தமுங்களா?"

"பக்கத்து ஊருங்க."

"நல்ல மனுசன். பொழுதன்னிக்கும் தனியா ஏதோ நெம்பரு சொல்லிட்டே தறி ஓட்டுவாரு. மந்தரமாங்கன்னு கேட்டா சிரிப்பாரு." கடைசித் தறியைக் காட்டினார். "அதுதான் அவரு ஓட்டுனது. அவரு போன நாளா நிறுத்தி வெச்சபடியே கெடக்குது. அந்தக் கோடிக்கு ஆரும் போறதில்ல. ஆளே கெடைக்கறதில்லீங்க."

தறிக்குப் பக்கத்துச் சுவரில் பஞ்சு கம்பளி மாதிரி படிந்திருந்தது. தறிக் குடோன் சுவர் அப்படித்தான் இருக்கும், நாலு நாள் துடைக்காவிட்டால் மூடிவிடும். அதற்கு அடியில் சாக்பீஸ் எழுத்து தெரிந்தது. கையால் தள்ளிப் பார்த்தேன். எண்கள். ஒன்றன்கீழ் ஒன்றாக, தடித்த, கோணலான எழுத்தில். போனில் இருந்த படத்தை எடுத்து ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தேன். இருபத்து மூன்றும் அதே வரிசையில் இருந்தன.

அதற்குக் கீழே இன்னும் ஒன்று இருந்தது. 4417. அதே கோணல் எழுத்து. அந்த எண் பிறந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, இவர் போய் இரண்டு மாதம். மற்ற எண்களைப் படிக்கப் பஞ்சைத் தள்ள வேண்டியிருந்தது. இதன்மேல் பஞ்சு இல்லை.

இன்றைக்கும் அந்த இருபத்து மூன்றின் மேல் பஞ்சு படிகிறது, நான் துடைக்கிறேன், மறுபடி படிகிறது. 4417 மேல் மட்டும் படிவதில்லை. காற்று அந்த இடத்தில் அப்படி அடிக்கிறதோ என்னவோ, எனக்குத் தெரியவில்லை. பெரியவர் இருக்கிறாரா இல்லையா என்றும் தெரியவில்லை. கோவில்பட்டியில் விசாரிக்கும்படி ஊர்க்காரர் ஒருவரிடம் சொல்லியிருக்கிறேன்.

அன்றைக்குக் காலையில் நான் அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றதில் முதலாளிக்குப் பொறுமை போய்விட்டது. "தம்பி, தறி ஓட்டத் தெரியுமுங்களா?"

"தெரியாதுங்க."

"நாலு நாள்ல வந்துரும். இருக்கறீங்களா?"

பெரியவர் என்றாவது திரும்பி வந்தால் நேராக இந்தத் தறிக்குத்தான் வருவார் என்று தோன்றியது. பையைச் சுவரோரம் வைத்தேன். முதலாளி சுவிட்சைக் காட்டினார், போட்டேன். தறி ஓடத் தொடங்கியது, அதற்குப் பிறகு அவர் என்ன சொன்னார் என்று காதில் விழவில்லை.